பாறையில் பெயர் எழுதிய மாலுமிகள்: பினாங்கு, கெடா கல்வெட்டு நடை

வியாழன் இரவு, ஜெலுத்தோங்

நாளை விடிவதற்குள் ஃபெரியைப் பிடித்து பட்டர்வொர்த் போய்விட வேண்டும். பை தயார். தண்ணீர், நீளமான காலுறை, அட்டைக்கு உப்பு, மாற்றுச் சட்டை, அப்புறம் ஒரு டார்ச் லைட். காலையில் தொடங்கும் நடைக்கு டார்ச் எதற்கு என்று வழிகாட்டி அண்ணனிடம் கேட்டேன். “கொண்டு வாங்க, சொல்றேன்” என்றதோடு சரி.

பினாங்கிலும் பக்கத்துக் கெடாவிலும் இருக்கும் பழைய எழுத்துப் பாறைகளையும், அவை கிடைத்த இடங்களையும் முடிந்தவரை நடந்தே பார்ப்பதுதான் திட்டம். எங்கள் மலையேறும் குழுவில் பாதிப் பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்காரர்கள். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர், பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பதி, கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். இவர்களோடு ‘ஜோர்டான் அக்கா’. அவர் வாடி ரம் பாலைவனத்தில் பெடுயின் வழிகாட்டியோடு நடந்து பாறை எழுத்துகளைப் பார்த்துவிட்டு வந்தவர். அதிலிருந்து பெயரே அப்படி ஆகிவிட்டது. இந்த நடை யோசனையும் அவருடையதுதான். “அவ்வளவு தூரம் பணம் கட்டிப் போய்ப் பார்த்தேன். நம்ம ஊர்ப் பாறையை நான் பார்த்ததே இல்லை” என்று ஒருநாள் மாமாக் கடையில் புலம்பினார். வழிகாட்டி அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

பினாங்கில் 1,500 ஆண்டு பழைய எழுத்துப் பாறை இருக்கிறது என்று எனக்கும் பள்ளியில் யாரும் சொன்னதில்லை. பினாங்கின் கதை 1786இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கியதிலிருந்துதான் தொடங்கும் என்று நினைத்தே வளர்ந்தோம்.

வெள்ளி, புக்கிட் மெர்தாஜாம்

ஏழு மணிக்கு செரோக் தொக்குன் வனப் பூங்கா வாசலில் நின்றோம். பசியாற நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்பே சீனப் பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக ஏறி, சிலர் இறங்கியும் வந்துகொண்டிருந்தார்கள். எழுபதைத் தாண்டிய ஒருவர் எங்கள் பைகளைப் பார்த்துச் சிரித்தார். அவர் கையில் ஒரு துண்டு மட்டும்தான்.

எழுத்துப் பாறை மலையடிவாரத்தில்தான் இருக்கிறது, புனித அன்னாள் தேவாலய வளாகத்துக்குள். நேராகக் காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அண்ணன் விடவில்லை. “முதல்ல மலை, அப்புறம்தான் கல்லு” என்றார். காரணம் மேலே போனதும் விளங்கியது.

ஏற்றம் அப்படியொன்றும் பயங்கரம் இல்லை. மலை ஐந்நூற்றுச் சொச்சம் மீட்டர். மூச்சு வாங்குவது உயரத்தால் அல்ல, புழுக்கத்தால். வேர்கள் படிக்கட்டாக இருக்கும் பாதை, முந்தைய நாள் மழையில் வழுக்கியது. டீச்சர் ஒரு கோலை ஊன்றி எங்கள் எல்லோரையும் விட நிதானமாக ஏறினார். பையன்கள் முதல் அரை மணி நேரம் ஓடினார்கள், அப்புறம் எங்களுக்குப் பின்னால் வந்தார்கள்.

மரங்கள் விலகிய ஓர் இடத்தில் அண்ணன் நிறுத்தினார். மேற்கே பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைச் சமவெளி, அதற்கப்பால் நீரிணை, மங்கலாகத் தீவு. வடக்கே தனியாக ஒரு நீல மலை. “அதுதான் ஜெராய். 1,217 மீட்டர். வங்கக் கடலைத் தாண்டி வர்றவனுக்கு முதல்ல கண்ணுல படுறது அதுதான். நாளைக்கு அதுக்குக் கீழ நிப்போம்.”

பருவக்காற்றோடு கப்பல் வந்த காலம் அது. தென்மேற்குக் காற்றில் வங்கக் கடலைக் கடந்து வந்தால், திரும்பிப் போக வடகிழக்குக் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் கரையோரத்தில் தங்கினார்கள், குடிசை போட்டார்கள், பண்டம் மாற்றினார்கள், கும்பிட இடம் கட்டினார்கள். அவர்களில் யாரோ மலையடிவாரத்துப் பாறையில் எழுதவும் செய்தார்கள். இந்தப் பின்னணி இல்லாமல் பாறையை மட்டும் பார்த்தால் அது வெறும் கல். மேலே கூட்டிப்போன காரணத்தை அண்ணன் விளக்கவில்லை. நாங்களாகப் புரிந்துகொண்டோம்.

இறங்கி வரும் வழியில் அட்டை. எனக்கு இரண்டு, பட்டர்வொர்த் அண்ணிக்கு காலுறைக்குள்ளேயே ஒன்று. உப்பு வேலை செய்தது.

மதியத்துக்குப் பிறகு தேவாலயம். இந்த இடத்தைத் தெரியாத பினாங்குத் தமிழர் இருக்க மாட்டார். ஜூலை 26 திருவிழாவுக்கு நாடு முழுவதிலிருந்தும் கூட்டம் கூடும். இந்துக் குடும்பங்களும் மெழுகுவர்த்தி ஏற்றப் போவார்கள், எங்கள் வீட்டிலும் போயிருக்கிறோம். 2019இல் இதற்குப் பசிலிக்கா தகுதியும் கிடைத்தது. அத்தனை முறை வந்து போனவர்களும் பாறையை எட்டிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். குழுவில் கத்தோலிக்கரான பட்டர்வொர்த் அண்ணன் முப்பது வருடமாக வருகிறாராம். “அது ஏதோ ஜெபப் பாறைன்னு நினைச்சேன்” என்றார்.

பாறை பெரியது, கருங்கல். முதல் பார்வையில் எழுத்து எதுவும் தெரியவில்லை. பாசிக் கறை, மழை ஓடிய கோடுகள், பொரிந்த மேற்பரப்பு. பையன்களில் ஒருவன் “எங்கண்ணே?” என்று கேட்டே விட்டான்.

டார்ச் இதற்குத்தான். அண்ணன் மரநிழல் பக்கமாக எங்களை நிற்க வைத்து, விளக்கைப் பாறைக்கு நேராகக் காட்டாமல் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். பள்ளங்களில் நிழல் விழுந்தது. ஒரு வளைவு, ஒரு கொம்பு, பக்கத்தில் இன்னொரு வளைவு. கோடுகள் வரிசை கட்டி நின்றன. டீச்சர் வாய்விட்டு “அம்மாடி” என்றார். விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினால் எல்லாம் மறைந்துவிடுகிறது.

சாக்பீஸ் பூசிப் படமெடுப்பது, தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது, கம்பியால் பாசியைச் சுரண்டுவது, இவை மூன்றையும் யாராவது செய்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று காலையிலேயே அண்ணன் சொல்லியிருந்தார். தேய்ந்த எழுத்தின் மேல் ஒருவன் தன் ஊகத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டால், அடுத்து வருபவன் அந்த ஊகத்தைத்தான் படிப்பான். தமிழ்நாட்டில் கல்வெட்டுக்காரர்கள் ஈரத் தாளை ஒற்றி மை தட்டி மைப்படி எடுப்பார்கள். அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

1845இல் இந்தப் பாறையைப் பதிவு செய்தவர் ஜேம்ஸ் லோ. ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படை அதிகாரி. இந்தப் பக்கத்தில் நிர்வாக வேலை பார்த்தவர், சயாமிய மொழிக்கு இலக்கணம் எழுதியவர். வரி வசூலுக்கு வந்த இடத்தில் கல்லைத் தேடி அலைந்திருக்கிறார். எழுத்துகளைப் பார்த்து வரைந்து கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகத்துக்கு அனுப்பினார். எழுத்து, பொதுவாகப் பல்லவ எழுத்து என்று நாம் சொல்லும் தென்னிந்திய வகை. காலம் ஏறத்தாழ 5ஆம், 6ஆம் நூற்றாண்டு. மொழி சமஸ்கிருதம்.

மொழியைச் சொன்னதும் ஒரு பெருமூச்சு கேட்டது. யாருடையது என்று எழுதப் போவதில்லை. ‘தமிழ் இல்லையா’ என்ற பெருமூச்சு. எனக்கும் அது லேசாக வந்து போனது.

ஜோர்டான் அக்கா மட்டும் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாடி ரம்மில் கல் காய்ந்து கிடக்கிறது, மழை அபூர்வம். பாறைமேல் காலங்காலமாக இரும்பும் மாங்கனீசும் கலந்த கரும்பூச்சு படிந்திருக்கும். அதைக் கொத்தி எடுத்தால் உள்ளே வெளிர்நிறம் தெரியும், எழுத்து ஓவியம் மாதிரி பளிச்சென்று நிற்கும். அந்தப் பள்ளத்தாக்குகளில் ஏறத்தாழ 20,000 எழுத்துப் பொறிப்புகளும் 25,000 பாறைச் செதுக்கல்களும் உண்டு. 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். “அங்கே நம்ம வேலை நடக்கிறது மட்டும்தான். கல்லு தானா பேசும். இங்கே மழை தினமும் அழிக்குது, இவ்வளவு மிஞ்சினதே பெரிசு” என்றார். அங்கே பெரும்பாலும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். தமூதியம் என்ற பழைய அரேபிய எழுத்தில் ஒட்டகம் மேய்த்தவர்களும் வழிப்போக்கர்களும் தங்கள் பெயரை எழுதியிருக்கிறார்களாம். இன்னாரின் மகன் இன்னார். அநேகமாக அவ்வளவுதான்.

கால் வலிக்கிறது. மீதி நாளைக்கு.

சனி, மெர்போக்

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு ஈப்போவிலிருந்து பெரியப்பா வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். “எல்லாம் சரிப்பா, ராஜேந்திர சோழன் பெயர் எந்தப் பாறையில இருக்கு? அதைப் போய்ப் பாரு முதல்ல.” காரில் அதைப் போட்டுக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. “அவர் கேட்கிறது நியாயம்தானே? கடாரம் கொண்டான்னு சொல்லித்தானே நம்ம பிள்ளைகளை இங்க கூட்டி வர்றோம்” என்றார். கடாரம் என்பது இந்தக் கெடாதான்.

சுங்கைப்பட்டாணியில் தோசை, அங்கிருந்து மெர்போக். பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் ஜெராய் மலையின் தெற்குச் சரிவில், புக்கிட் பத்து பாஹாட்டில் இருக்கிறது. 1980இல் திறந்தது. ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே படியேற வேண்டும். உள்ளே மணிகள், சீனப் பீங்கான், மத்தியக் கிழக்குக் கண்ணாடித் துண்டுகள், சுடுமண் உருவங்கள், சுங்கை மாஸ் பகுதியில் கிடைத்த எழுத்துக் கல். சிறிய கல்தான். எழுத்து நேற்றைய பாறையை விடத் தெளிவு, மண்ணுக்குள் கிடந்ததால் இருக்கலாம். பையன்கள் மணிகளைப் பார்த்தே அரை மணி நேரத்தைக் கழித்தார்கள். சுங்கை மாஸில் அவற்றைச் செய்யவும் செய்திருக்கிறார்கள், வாங்கி விற்றது மட்டும் அல்ல.

வெளியே மேட்டில் கோயில் அடித்தளம், சண்டி புக்கிட் பத்து பாஹாட். பழைய கோயிலை இங்கே சண்டி என்பார்கள். அருங்காட்சியக வளாகத்தில் நிற்கும் மற்ற அடித்தளங்கள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கியவை. இது மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் இந்தப் பள்ளத்தாக்கில் அகழ்ந்தார்கள். 1960ஐ ஒட்டி அலஸ்டர் லேம்ப் இந்தக் கோயிலைத் திரும்ப அடுக்கிக் கட்டினார். விமானப் பகுதி, அதற்கு முன்னால் மண்டபம், வெட்டிய கருங்கல் வரிசைகள், தூண் நிறுத்திய கல் பீடங்கள். தூண்களும் கூரையும் மரம், அவை போய்விட்டன. அடியில் கல்லில் குடைந்த சிறு பேழைகள் கிடைத்தன, உள்ளே விலையுயர்ந்த கற்கள் முதலியவை. கருவறை கட்டும்போது அடியில் பொருள் வைப்பது நமக்குத் தெரிந்த வழக்கம்தான். பட்டர்வொர்த் அண்ணி போன வருடம் அவர்கள் வட்டாரக் கோயில் திருப்பணியில் நவரத்தினம் வைத்ததைப் பற்றி அங்கேயே நின்று விரிவாகச் சொன்னார்.

மண்டபத்து விளிம்பில் உட்காரக்கூடாது என்பதால் ஓடைப் பாறைகளில் உட்கார்ந்தோம். அண்ணன் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படத்தை எடுத்தார்.

இந்த வட்டாரத்திலேயே முக்கியமான கல் இந்த வட்டாரத்தில் இல்லை. அது கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1834இல் அதே ஜேம்ஸ் லோ, செபராங் பிறையின் வடபகுதியில், இடிந்த கட்டடம் ஒன்றின் அருகே கண்டெடுத்தது. படத்தில் நடுவே ஒரு தூபி, அதற்கு மேல் ஏழு குடைகள் அடுக்கடுக்காக. சுற்றிலும் எழுத்து, 5ஆம் நூற்றாண்டு.

எழுதச் சொன்னவன் பெயர் புத்தகுப்தன். தன்னை மகாநாவிகன் என்று சொல்லிக்கொள்கிறான், கப்பல் தலைவன். ஊர் ரக்தமிருத்திகா, செம்மண் பூமி. அது எந்த ஊர் என்று வெகுகாலம் சர்ச்சை இருந்தது. 1962இல் மேற்கு வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்து ராஜ்பாடிடாங்காவில் அகழ்ந்தபோது ரக்தமிருத்திகா விகாரையின் பெயர் பொறித்த முத்திரைகள் கிடைத்தன. அங்கிருந்து இங்கே வந்திருக்கிறான்.

கல்லில் ஒரு செய்யுள் இருக்கிறது. அறியாமையால் வினை சேர்கிறது, பிறவிக்கு வினை காரணம், அறிவால் வினை சேர்வதில்லை, வினை இல்லாவிட்டால் பிறவி இல்லை. இதே செய்யுள் கெடாவின் புக்கிட் மெரியாமில் கிடைத்த பலகைக் கல்லிலும் உண்டு. முடிவில் புத்தகுப்தன் கேட்பது இதுதான்: எல்லா வகையிலும், எல்லா இடத்திலும், எல்லோருடைய பயணமும் வெற்றியாக முடியட்டும்.

அண்ணன் இதைப் படித்துக் காட்டியபோது மணி ஒன்று. எல்லோருக்கும் பசி. ஆனாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஜோர்டான் அக்காதான் பேச்சைத் தொடங்கினார். “பாலைவனத்துல ஒட்டகக்காரன் எழுதினதும் இதுதானே. நான் இங்க வந்தேன், இது என் பெயர், நல்லபடியா ஊர் போய்ச் சேரணும்.”

வங்காளத்துக் கப்பல்காரன், தென்னிந்திய எழுத்து, வடமொழி, புத்த சமயம், மலாய்க் கரை. இதில் எந்த ஒன்றைப் பிடித்து ‘இது எங்களுடையது’ என்று சொல்வது? எழுத்தைப் பிடித்துக்கொண்டு ‘பல்லவம்’ என்றதும் ‘காஞ்சிபுரம்’ என்று நம்மவர்கள் தாவிவிடுகிறார்கள். இணையத்தில் செரோக் தொக்குன் பாறையைச் ‘சோழர் கல்வெட்டு’ என்று போட்டிருக்கும் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு எளிது. ராஜேந்திரன் படை கடாரம் வந்தது 1025. புத்தகுப்தன் அதற்கு ஐந்நூறு ஆண்டுக்கு மேல் முந்தியவன். நமக்கும் ராஜேந்திரனுக்கும் உள்ள இடைவெளியில் பாதிக்கு மேல் அவனுக்கும் ராஜேந்திரனுக்கும் இருக்கிறது.

பெரியப்பா கேள்விக்குப் பதில்: ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் எழுத்து தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. அலைகடல் நடுவுள் பல கலம் செலுத்தியதையும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனையும் அந்த மெய்க்கீர்த்தி பாடுகிறது. வென்றவன் தன் ஊர்ச் சுவரில் எழுதினான். இங்கே நாங்கள் பார்த்த கற்கள் எல்லாம் வந்து போனவர்களும் வாழ்ந்தவர்களும் எழுதியவை. எனக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கிறது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னால் சண்டை வரும், தெரிந்தேதான் எழுதுகிறேன்.

டீச்சர் விடவில்லை. “தமிழ் எழுத்தே கடல் தாண்டி வரலையா?” என்று கேட்டார். வந்திருக்கிறது. வடக்கே தாய்லாந்துக் கரையில் தக்குவா பாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. நாங்கூர் உடையான் ஒருவன் வெட்டிய குளம், பெயர் அவனிநாரணம், அதை மணிக்கிராமத்தார் காவலில் விட்ட செய்தி. மணிக்கிராமம் என்பது வணிகர் குழு. மேற்கே சுமாத்திராவின் பாருஸ் பக்கம் லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுக் கல், ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு எழுதி வைத்தது. கப்பல்காரர்கள் செலுத்த வேண்டிய கட்டணம் பொன்னில் சொல்லப்பட்டிருக்கிறது. குளமும் கட்டணமும்! போர் எதுவும் இல்லை. “இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லையே” என்று டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சாப்பாடு வாழையிலைக் கடை ஒன்றில். மீன் குழம்பு நன்றாக இருந்தது, கோழி வேண்டாம்.

ஞாயிறு, செமெலிங், யான்

கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிப் பேருந்துகளும் லாரிகளும் சாலையை அடைத்திருந்தன. பினாங்கிலிருந்து வருகிறவர்கள் இதை மறந்துவிட்டுத் திட்டம் போட்டால் நேரம் கழியும்.

சுங்கை பத்து செமெலிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டம். எழுத்து எதுவும் இங்கே பார்ப்பதற்கு இல்லை. ஆனாலும் அண்ணன் இதை நடையில் சேர்த்திருந்தார், கப்பல்கள் எதற்காக இந்தக் கரைக்கு வந்தன என்பதற்கு ஒரு பதில் இங்கே மண்ணில் கிடக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு 2000களின் பிற்பகுதியிலிருந்து இங்கே அகழ்ந்தது. கிடைத்தவை இரும்பு உருக்கிய தளங்கள், ஆற்றுத்துறை மேடை, வட்ட வடிவில் செங்கல் கட்டுமானம் ஒன்று. அந்தக் கட்டுமானத்துக்குக் கி.பி. 110 என்று தேதி சொல்கிறார்கள். இரும்பு வேலைக்குக் கி.மு. 8ஆம் நூற்றாண்டு வரைக்கும் தேதி கொடுத்த செய்திகளும் வந்தன. அறிஞர்கள் எல்லோரும் அதை ஏற்கவில்லை, எனக்கும் தயக்கம்தான். தேதி எதுவானாலும் தரையில் பார்ப்பது பிரமிப்பு. துருத்தியிலிருந்து உலைக்குள் காற்றை அனுப்பும் மண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. பக்கத்தில் இரும்புக் கிட்டம், உருக்கியபின் மிஞ்சும் கழிவு. தூக்கிப் பார்க்க அனுமதி இருந்த ஒரே துண்டைக் கையில் வாங்கினேன். அளவுக்கு மீறிய கனம்.

இப்போது செம்பனை நிற்கும் இடத்தில் அன்று படகு வந்திருக்கிறது. மெர்போக் ஆற்றின் முகம் அப்போது அகலமான குடாவாக இருந்தது. வண்டல் சேர்ந்து கரை மேற்கே தள்ளிப் போனது. ஆற்றுத்துறை இன்று நிலத்துக்கு நடுவில் நிற்பதன் காரணம் இதுதான்.

இதே சுங்கை பத்துத் தோட்டத்தில் 11ஆம் எண் சண்டி இருந்தது. 2013இல் நிலத்தை மேம்படுத்த வந்தவர்கள் அதை இடித்துவிட்ட செய்தி வெளியானது. பினாங்கிலும் கெடாவிலும் தமிழர்கள் கொதித்த நாட்கள் அவை. எங்கள் குழுவின் பட்டர்வொர்த் அண்ணனின் அப்பா இந்தப் பக்கத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் மரங்களுக்கு நடுவே செங்கல் மேடுகள் இருந்ததைத் தோட்டத்து ஜனங்கள் அறிவார்களாம். சிலர் அங்கே சூடமும் ஏற்றியிருக்கிறார்கள். “எங்களுக்கு அது பழைய சாமி இடம். எந்த ராஜா கட்டினதுன்னு யாரும் கேட்கலை” என்றார். இடித்த பிறகு கேட்டோம். ‘சோழர் கோயிலை இடித்துவிட்டார்கள்’ என்று முழங்கிய கூட்டத்தில் நானும் இருந்தேன். சோழர் கட்டியது என்பதற்கு ஆதாரம் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. ஆதாரம் இல்லாவிட்டாலும் அது காப்பாற்றத் தகுந்ததுதான் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை, அதுதான் என் வருத்தம். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் அடித்தளம் என்பது போதாதா?

மதியத்துக்குப் பிறகு ஜெராயை மேற்குப் பக்கமாகச் சுற்றி யான். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் நெல்வயல், அதற்கப்பால் கடல். வயல்வெளியில் தனித்து நிற்கும் சிறு குன்று புக்கிட் சோராஸ். பள்ளத்தாக்கின் மற்ற இடங்கள் எல்லாம் ஜெராய்க்குத் தெற்கே இருக்க, இது வடக்கே. குவாரிட்ச் வேல்ஸ் 1930களிலேயே குறித்து வைத்த இடம். 2023இலும் 2024இலும் அகழ்ந்தபோது புத்தக் கோயில் ஒன்றின் சுவர்களும், சுதையால் செய்த ஆளுயரப் புத்தர் உருவமும், பல்லவ எழுத்துக் கல்லும் வெளியே வந்தன. காலம் 8ஆம், 9ஆம் நூற்றாண்டு என்கிறார்கள்.

உள்ளே போக அனுமதி கேட்டோம், கிடைக்கவில்லை. வரப்பில் நின்று பார்த்ததோடு சரி. பையன்களுக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை. அகழ்ந்துகொண்டிருக்கும் குழிக்குள் பத்து ஜோடிக் காலணிகள் இறங்குவதை விட இது நல்லது. அண்ணன் அங்கே நின்று ஒரு கேள்வி கேட்டார். லோ வந்து இருநூறு ஆண்டு ஆகப்போகிறது, இப்போதுதான் இந்தக் குன்று திறந்திருக்கிறது, இன்னும் எத்தனை குன்று இருக்கும்? சுற்றிப் பார்த்தோம். வயலுக்கு நடுவே அங்கங்கே மேடுகள். எல்லாமே இப்போது சந்தேகத்துக்குரியவையாகத் தெரிந்தன.

திரும்பும்போது தித்தி ஹாயூன் அருவியில் குளியல். மூன்று நாள் வியர்வை போயிற்று. டீச்சர் கால்களை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு, பள்ளி விடுமுறையில் பழைய மாணவர்களைக் கூட்டி வருவது பற்றி அண்ணனிடம் விலை பேசிக்கொண்டிருந்தார்.

திங்கள், ஜார்ஜ்டவுன்

நடை எதுவும் இல்லை. மாலை லிட்டில் இந்தியாவில் தேநீரோடு கணக்குத் தீர்த்துக்கொண்டோம். மழை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். செரோக் தொக்குன் பாறை வழிபாட்டு வளாகத்துக்குள் இருக்கிறது, திருவிழா நாட்களில் பாறை பார்க்கப் போகாதீர்கள், திருவிழா பார்க்கப் போங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரமோ சாயங்காலமோ நல்லது, உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சக்தியான டார்ச் ஒன்று போதும், அதை எப்படிப் பிடிப்பது என்று மேலே எழுதியிருக்கிறேன். புக்கிட் மெர்தாஜாம் மலையேற்றத்துக்கு ரப்பர் அடிக் காலணி, ஈரத்தில் மற்றவை வழுக்கும். மெர்போக் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை போனால் தொழுகை இடைவேளையைக் கணக்கில் வையுங்கள். சுங்கை பத்துவில் நிழல் குறைவு, தொப்பி கட்டாயம். வழிகாட்டி இல்லாமலும் எல்லா இடத்துக்கும் போகலாம். ஆனால் பாறைக்கு முன்னால் நின்று “எங்கே எழுத்து?” என்று கேட்டுவிட்டுத் திரும்புவீர்கள்.

ஜோர்டான் அக்கா அடுத்தது தக்குவா பா என்கிறார், எல்லை தாண்டி ஒரு நாள் கார்ப் பயணம். குளம் வெட்டிய ஊரைப் பார்க்க வேண்டுமாம். தம்பதியருக்கு விடுப்பு கிடைக்குமா என்று தெரியவில்லை, டீச்சர் ஏற்கெனவே பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துவிட்டார்.

பெரியப்பா நேற்றிரவு மறுபடி குரல் அனுப்பினார். ஐந்து நிமிடம். ராஜேந்திரனைப் பற்றி நான் எழுதியது தவறு என்று நான்கு நிமிடம். கடைசி ஒரு நிமிடத்தில் அந்த வங்காளத்துக் கப்பல்காரன் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மூட்டு வலி, மலை ஏற முடியாது, பாறையை மட்டும் பார்க்க வழி உண்டா என்றும் கேட்டார். அண்ணனிடம் விசாரித்தேன். கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், அவரைக் கூட்டி வந்தால் மலை ஏறும் கட்டாயத்தைத் தளர்த்துவதாகச் சொன்னார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைக்குப் பேசி வைத்திருக்கிறோம்.